வாசனை பற்றி

கடையில் நாய்க்கென்று விற்கும் ஷாம்பூக்களில் பெரும்பாலும் மனித மூக்கை உத்தேசித்த மணங்கள்தாம்: லாவெண்டர், தேங்காய், ஆப்பிள். எங்கள் சிப்பிப்பாறைக்கு வயது 12. பார்வை மங்கிவிட்டது, இப்போது அது உலகத்தை முகர்ந்தே அறிகிறது. அதன்மேல் இந்த மணத்தைப் பூசுவது எந்த நியாயம்? மணமற்ற புட்டியைத்தான் எடுத்தேன்.

என் சோப்பும் ஆகாது. நம் தோலின் பி.எச். சுமார் 5.5, நாயினுடையது 7-ஐ ஒட்டியது. வெதுவெதுப்பான நீர், ரப்பர் ப்ரஷ், நுரை முற்றும் போகும்வரை அலசல். குட்டை ரோமத்துக்கு இது போதும். முகத்துக்கு ஈரத்துணி.

முன்பெல்லாம் குளிப்பாட்டியவுடன் ஓடிப்போய் மண்ணில் புரளும். அழுக்கில் அதற்கு ஆசை என்பார்கள் வீட்டில். தன் வாசனையைத் தேடிப் புரண்டதாகவே எனக்குப் படுகிறது. நேற்று குளியலுக்குப்பின் புரளவில்லை. துவட்டிய பழைய வேட்டியை வெகுநேரம் முகர்ந்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது.