உப்புப் பார்த்தவர்

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் வாப்பாவுக்கு இன்சுலின் தொடங்கினார்கள். இவ்வாண்டு நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். அது நோயாளிகளுக்கு அல்லாஹ் அளித்துள்ள சலுகை (அல்குர்ஆன் 2:184). ஃபித்யாவையும் முதல் நாளே கணக்கிட்டு வைத்தோம். ஆயினும், இளமை முதல் நோன்பை விட்டறியாத அவரது முகம் வாடியே இருந்தது.

இஃப்தார் வேளையில் கஞ்சி, வடை, சமோசாவைச் சுற்றி நாங்கள் அமர்ந்தோம். வாப்பாவுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் பார்லி சாலட் வைத்தோம். அக்கறையோடுதான் வைத்தோம். அவர் இரண்டு வாய் உண்டுவிட்டு எழுந்துவிடுவார். மூன்றாம் நாள் உம்மா கேட்டார்: "நோன்பும் இல்லை, நம்மோடு சாப்பாடும் இல்லை என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்?"

எங்களிடம் பதில் இல்லை. விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் ஊர் எங்களுடையது. மறுநாள் முதல் அந்தச் சாலட்டை எல்லோருக்குமாகச் சஹனில் வைத்தோம். வடையும் சமோசாவும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாயின.

செய்முறை எளியது. கடைகளில் கிடைக்கும் வெண்ணிறப் பார்லி தவிடு தீட்டப்பட்டது. தீட்டாததைக் கேட்டு வாங்கினோம். இரண்டு கோப்பை பார்லியையும் ஒரு கோப்பை கொண்டைக்கடலையையும் ஸஹருக்குப் பின் தனித்தனியே ஊறவைத்து, அஸருக்குப் பின் தனித்தனியே வேகவைத்து, நீரை வடித்து ஆறவிடுவோம். நறுக்கிய வெள்ளரிக்காய், கெட்டியான கொய்யா, ஒரு கைப்பிடி மாதுளை முத்துகள், புதினா, மல்லித்தழை சேர்ப்போம். எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள், உப்பு இட்டுக் கிளறினால் போதும். பார்லியின் நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கும். எனினும் அளவு முக்கியம். வாப்பாவின் பங்கு ஒரு சிறு கோப்பையே.

நபி (ஸல்) அவர்கள் வெள்ளரிக்காயுடன் பேரீச்சம்பழத்தைச் சேர்த்து உண்டதாக புகாரியில் வருகிறது. கனியையும் காயையும் கலந்துண்பது நமக்குப் புதிதன்று என்று பிள்ளைகளிடம் சொன்னோம். முகம் சுளித்தவர்களும் உண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நோன்பு நோற்றிருந்த நாங்கள் யாரும் உப்புப் பார்க்க விரும்பவில்லை. முதல் நாள் உப்புக் கூடிவிட்டது. மறுநாள் உம்மா சிறு தட்டில் கொஞ்சம் எடுத்து வாப்பாவிடம் நீட்டினார். அவர் மென்று பார்த்து, "இன்னும் அரை எலுமிச்சை" என்றார். அன்று முதல் அஸர் தொழுதுவிட்டு அவரே அடுக்களைக்கு வந்துவிடுவார். மாதுளை உரிப்பதும் அவர் பொறுப்பாயிற்று.

நோன்பாளிக்கு இஃப்தார் அளிப்பவருக்கும் அந்த நோன்பாளியின் நன்மை போன்றது உண்டு. அவரது நன்மையில் எதுவும் குறையாது என்பது நபிமொழி. பலமுறை கேட்டதுதான். வாப்பா முதல் ஆளாக வந்து சஹனை விரிப்பில் வைத்தபோதுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.