தாய்மாமன் சீர்

மதுரை,
புதன்கிழமை இரவு

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் நலம். கோமதிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல். தறிச் சத்தத்தில் அவள் முனகுவது உன் காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டாய். "உரிமையோட அக்கா பொண்ணைக் கேட்டேன். ஒரே வார்த்தையில இல்லைன்னுட்டே. என் பையனுக்கு என்ன குறை?" என்றாயே, மூன்று நாளாக அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டால் நீ கத்துவாய், நான் அழுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். சின்ன வயதில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் நடுவிலே எழுந்து ஓடிவிடுவாய். இதை முடிக்கும்வரை உட்கார்ந்து படி.

கார்த்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு மாதக் குழந்தையாக என் மடியில் கிடந்தவன் அவன். குறை இருப்பது எங்கே என்று எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

மீனாவுக்கு ஜாதகம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "முதல்ல முருகு அண்ணனுக்கு ஏன் காது கேக்கலைன்னு தெரிஞ்சுக்கணும்" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். படித்த பெண், லேபில் வேலை செய்கிறவள், வாதாடி ஜெயிக்க முடியாது. நாலு பேருமாகச் சென்னைக்குப் போய் ஒரு மரபியல் டாக்டரைப் பார்த்தோம். ஊசி, மாத்திரை எதுவும் இல்லை. அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நம் குடும்பத்தைப் படமாக வரையத் தொடங்கினார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். எனக்கும் மாமாவுக்கும் நடுவே கோடு போட்டவர், "நீங்க சொந்தமா?" என்று கேட்டார். "என் அம்மாவோட கூடப்பிறந்த தம்பி" என்றேன். போட்ட கோட்டை ஒட்டியே இன்னொரு கோடு இழுத்தார். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு போடுவார்களாம். முப்பது வருஷக் கல்யாணத்தை ஒரு பேனாக் கோட்டில் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

முருகுவின் கட்டத்தை மட்டும் மை தீட்டி முழுக்கக் கறுப்பாக்கினார். அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே நான்தான் சிவப்பு, என்னைப் போய் ஏன் கறுப்பாக்கினார்?" என்று கையால் கேட்டான். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அவன் அப்படித்தான், உனக்குத் தெரியாதா.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஜிஜேபி2 என்று ஒரு ஜீன். அது சொல்லும்படிதான் உள்காதில் கனெக்சின் 26 என்ற புரதம் உருவாகுமாம். அங்கே இருக்கிற செல்கள் தங்களுக்குள் பொட்டாசியம் உப்பைக் கடத்திக்கொள்ள அதுதான் வழி. 226 மணி கோத்த மாலை மாதிரி அந்தப் புரதம். முருகுவுக்கு 24-ஆவது மணி கோக்க வேண்டிய இடத்திலேயே "நிறுத்து" என்று எழுதியிருக்கிறது. மாலை கோத்து முடியாமலே நின்றுபோனது. நம் நாட்டில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் பிழை இது என்றார். இந்த ஜீனுக்கும் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பையே 1997-ல்தான் கண்டுபிடித்தார்களாம். முருகு பிறந்ததற்கு மறு வருஷம்!

நீ தறிக்காரன், உனக்கு அந்த பாஷையிலேயே சொல்கிறேன். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி. அம்மா கொடுத்தது பாவு, அப்பா கொடுத்தது ஊடை. பாவில் ஒரு இழை அறுந்தாலும் ஊடை தாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் துணியில் ஓட்டை. எனக்கும் மாமாவுக்கும் ஆளுக்கு ஒரு இழை அறுந்திருக்கிறது. எங்கள் இருவர் காதும் பாம்புக்காது. ஆனால் ஒரே வீட்டு நூல் அல்லவா? அம்மாச்சியிடமோ தாத்தாவிடமோ இருந்த அறுந்த இழை மாமாவுக்கு நேராக வந்தது, எனக்கு நம் அம்மா வழியாக வந்தது. முருகுவிடம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

இப்போது நான் எழுதப்போவதை முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. 1995 தலை தீபாவளி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் ஐந்து மாதம். தீபாவளி முடிந்த கையோடு, அக்டோபர் 24-ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். அம்மா கதவைச் சாத்தி என்னை உள்ளே படுக்க வைத்திருந்தாள். நீதான் அப்பாவின் பழைய எக்ஸ்ரே பிலிமை வைத்துக்கொண்டு, "அக்கா, கொல்லைப்பக்கம் வா, ஓரத்தைக் கடிச்ச தோசை மாதிரி இருக்கு பாரு" என்று கூப்பிட்டாய். வந்தேன், பார்த்தேன். (எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்ப்பதே கண்ணுக்கு ஆபத்தாம், அதுவும் மீனா சொல்லித்தான் தெரியும்.) உள்ளே திரும்பும்போது அம்மாச்சி பார்த்துவிட்டார்.

அடுத்த தீபாவளிக்கு முருகுவுக்கு ஒன்பது மாதம். வாசலில் அணுகுண்டு வெடித்துத் தெருவே அதிர்ந்தது. அவன் தூளியில் அசையாமல் தூங்கினான். தைரியசாலிப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினோமே, செல்வம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பிறகு ஒரு டாக்டர், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று மூன்று வயதுவரை தள்ளிப்போட்டார். காது கேட்கவில்லை என்று உறுதியானதும் அம்மாச்சி சொன்ன முதல் வார்த்தை: "கிரகணத்துல வெளிய போனவதானே." பாட்டியாக இருந்து மாமியாரானவர், அவரை எதிர்த்து நான் என்ன பேசுவது? நீ கூப்பிட்டாய் என்று மட்டும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முருகு முன்னால் உட்காரும்போதெல்லாம் நீ தலை குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நீ வாங்கிக் குவித்த சட்டைகளுக்கும் எனக்குக் கணக்குத் தெரியும்.

தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள். கரு உருவான அன்றைக்கே அந்த ஜீன் எழுதியாகிவிட்டது. கிரகணம் வந்தபோது அது ஐந்து மாதப் பழைய எழுத்து. நீ என்னைக் கூப்பிட்டதும் நான் வந்து பார்த்ததும் அவன் காதை ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் இதைச் சொன்ன அன்று லாட்ஜுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீயும் ஒருமுறை அழுதுவிட்டு இதோடு விட்டுவிடு.

"ஊர்ல யாரும் செய்யாததையா செஞ்சோம்?" என்று நீ கேட்பாய். எல்லோரும் செய்ததுதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில்கூடத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். அதில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் நன்றாகவே இருக்கின்றன. நம் மீனாவே இல்லையா? யார் யாரைக் கட்டினாலும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் கோளாறு வரலாம். மாமன் மகன், அத்தை மகள் என்று கட்டினால் அது சுமார் இரு மடங்காகிறது, அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டியவர்களைப் பாவிகள் மாதிரிப் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனால் நம் கணக்கு வேறு. மாமன் மகனும் அத்தை மகளும் கட்டினால், பிள்ளையின் பாவும் ஊடையும் ஒரே முன்னோரின் நூலாக அமைய 32-ல் இரண்டு வாய்ப்பு. நான் கட்டிய மாதிரி தாய்மாமனைக் கட்டினால் 32-ல் நாலு. கார்த்திக்கு மீனா அத்தை மகள் மட்டும் இல்லை, அவள் அப்பா உனக்குத் தாய்மாமன். இரண்டு வழியிலும் சொந்தம். மீனா கணக்குப் போட்டுக் காட்டினாள்: 32-ல் மூன்று. நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு.

அதற்கு மேல், மீனாவின் ரத்தத்தையும் பார்த்தாகிவிட்டது. அவளிடமும் ஒரு இழை அறுந்திருக்கிறது. நம் அம்மாவிடமிருந்து உனக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, கார்த்திக்கு வந்திருக்க நாலில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. பெருக்கிப் பார், 16-ல் ஒன்று. "கார்த்திக்கு டெஸ்ட் எடுத்து, இல்லைன்னா கட்டிவைக்கலாமே" என்று அடுத்த கேள்வி கேட்பாய், உன்னைத் தெரியாதா. அது நமக்குத் தெரிந்த ஒரு இழை. ஒவ்வொரு மனிதரிடமும் இப்படிப் பெயர் தெரியாமல் சத்தமில்லாமல் கிடக்கும் அறுந்த இழைகள் சில உண்டாம். உனக்கும் எனக்கும் அவை எத்தனை பொதுவோ, யார் கண்டது? இன்னொன்றையும் மறைக்கவில்லை. மீனா அவனை "கார்த்தி அண்ணா" என்று கூப்பிட்டு வளர்ந்தவள். எந்த டெஸ்ட்டும் இல்லாமலேயே அவள் பதில் "வேண்டாம்"தான்.

முருகுவைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. அவன் எனக்கு ஒரு நாளும் பாரமில்லை. டிடிபி வேலையில் அவன் கை வேகத்துக்கு அச்சகத்தில் ஆள் கிடையாது. அவன் பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தெரியாமல் மூன்று வருஷம் வீணாக்கினோமே, அதுதான் என் வருத்தம். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஓரிரு நாளிலேயே தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. கார்த்திக்கு யாரோடு கல்யாணம் ஆனாலும் பேரப்பிள்ளைக்கு முதலில் இதைச் செய்.

வெளியில் பெண் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. வெளியில் என்றாலும் நாம் தேடுவது நம் சாதிக்குள்தானே? 2017-ல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்கள் குழுவும் தெற்காசியாவில் 263 பிரிவினரின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். கொஞ்சம் முன்னோரிலிருந்தே பெருகி, தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததன் தடம் 81 பிரிவுகளில் மிக ஆழமாக இருந்தது. பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட ஆழம். லட்சக்கணக்கில் ஆள் இருந்தாலும் நூல் பழைய நூல்தான் என்று அர்த்தம். அதனால் மாப்பிள்ளை யாரானாலும் அவரிடமும் டெஸ்ட் கேட்கப் போகிறேன். உன் மாமா, "சம்பந்தம் ஓடிப்போயிரும்டி" என்கிறார். ஓடுகிறவர் ஓடட்டும்.

இப்படி டெஸ்ட் பார்த்துக் கட்டுகிறவர்கள் வேறு இடத்திலும் உண்டு. நியூயார்க்கில் ஒரு யூத மதகுரு இருந்தார். டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோயில் நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவர் 1983-ல் டோர் யெஷோரிம் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து ஆளுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். யாருக்கு என்ன இழை அறுந்தது என்று ஊருக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சு வந்தால் இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டியது, பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். நாம் ஜோசியரிடம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், இது பதினொன்றாவது என்று வைத்துக்கொள்ளேன். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

ஆகவே அக்கா சொல்வது இதுதான். கார்த்தியை ஒருநாள் அழைத்துக்கொண்டு வா, சென்னைக்குச் சேர்ந்து போவோம். இந்தச் செய்தியைக் கோமதியிடம் மறைக்காதே. "எங்க வீட்டுக் குறை வெளிய தெரியக் கூடாது" என்று நம் அப்பா மாதிரி வசனம் பேசாதே. முருகு கல்யாணப் பேச்சும் ஒன்று இருக்கிறது, அது தனிக் கடிதம்.

பெண் தரவில்லை என்றால் உறவு அறுந்துவிடும் என்றாயே, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. மீனாவுக்குக் காது குத்தியது உன் மடியில். அவள் சடங்குக்கு நீ தலையில் சுமந்து வந்த சீர்த்தட்டு இன்னும் என் பரணில் இருக்கிறது. மணமேடையில் அவளுக்கு மாலையும் பட்டும் தாய்மாமன் கையால்தான் வர வேண்டும். நீ மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால், அந்தச் சீரை யார்டா கொண்டுவருவது?

வெள்ளிக்கிழமைக்குள் போன் போடு.

அன்புடன்,
உன் அக்கா