விடுபட்ட எண்

யான் தமிழ் கற்றவன். கணக்கில் வல்லவன் அல்லேன். இளமையில் பாட்டனார் முன் அமர்ந்து எண்சுவடியின் மாவையும் காணியையும் முந்திரியையும் மனப்பாடமாக ஒப்புவித்ததோடு என் கணக்குப் பயிற்சி ஏறத்தாழ முடிந்தது. ஆயினும், சென்ற கோடையில் ஓர் எண் என் உறக்கத்தைக் கெடுத்தது.

திருமயிலைக் கபாலீசுவரர் திருக்குளக் கரையில் ஒரு மாலை அமர்ந்திருந்தேன். உடன் வந்த பேத்தி கல்லூரியில் கணிதம் பயில்பவள். பண்டைய நாள் அளவாகிய 60 நாழிகையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "தாத்தா, 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 12 உள்ளன. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்களைத் தேடித் தொகுத்தவர் நம் இராமானுஜன்" என்றாள்.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு இவ்வெண்களைப் பற்றிய அவருடைய நெடுங்கட்டுரை இலண்டனில் வெளிவந்தது. 1916இல் அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும் அவ்வாராய்ச்சியே. அதில் அவர் இட்ட பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. அதற்கு வகுத்திகள் 10,080!

அவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்துக் காட்டினாள். 2 ஆறு முறை வரும். 3 நான்கு முறை. 5உம் 7உம் இவ்விரு முறை. 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. எதிரே கோபுரம் நின்றது. அடிநிலை அகன்று, மேனிலை குறுகும் அவ்வமைப்பையே எண்ணிலும் கண்டேன். கணக்கு எனக்கு விளங்கியது அன்றுதான் என்றால் நகைக்காதீர்.

"ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது, தாத்தா" என்றாள். அது 2,93,31,86,25,600. அதன் வகுத்திகள் 5,040. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. எனவே பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டியதே.

என் மனம் ஒப்பவில்லை. ஏட்டைப் பார்த்துப் படி எடுப்போர் ஓரடியை விட்டுவிடுவதுண்டு, இராமானுஜனுமா விடுவார்? இல்லம் திரும்பியதும் தாளை எடுத்து, அவ்வெண்ணை 23ஆல் பெருக்கினேன். முதல் முறை பிழைத்தது. இரண்டாம் முறை வந்த விடை 67,46,32,83,88,800. அவர் எழுதிய இறுதி எண்ணேதான்! விடுபட்டது வேறெங்கும் போய்விடவில்லை. 23 என்னும் மேனிலையை நீக்கினால் எஞ்சி நிற்பது அதுவே. கணிப்பொறி தோன்றாத காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கண்டெடுத்த கை, இந்த ஒன்றைத் தவறவிட்டது.

நெடுநேரம் அத்தாளின் முன் அமர்ந்திருந்தேன். ஆசிரியப் பணியில் புகுந்த புதிதில், எட்டுத்தொகை நூல்களின் பெயர்களை எழுதுமாறு ஒரு தேர்வில் வினவியிருந்தேன். மாணவன் ஒருவன் ஏழு பெயர்களைப் பிழையற எழுதிப் பதிற்றுப்பத்தை மட்டும் விட்டிருந்தான். விடை முழுவதையும் சிவப்பு மையால் அடித்துச் சுழியம் இட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் விடைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றிரவு அவன் முகம் தெளிவாகக் கண்முன் வந்தது. பெயரைத்தான் எவ்வளவு முயன்றும் நினைவுகூர இயலவில்லை.