பல்லியின் மேல் போன பஸ்

"கோடு பாக்கவா அவ்ளோ தூரம் போற? ஆபிஸ்ல தெனமும் அதைத்தானே பாக்குற?" என்றார் அம்மா.

அம்மா சொன்னது உண்மைதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் முடித்துவிட்டு ஐந்து வருடமாக நெடுஞ்சாலைகளுக்குப் பாதை வரைகிறேன். உலகத்தை நான் பார்ப்பது பெரும்பாலும் மேலிருந்துதான், அதுவும் கணினித் திரையில். பச்சைத் திட்டு என்றால் செம்பனை. நீலம் என்றால் ஆறு. சின்னச் சதுரம் என்றால் வீடு. நடுவே நான் இழுக்கும் கோடு சாலை. மேலிருந்து பார்த்தால் மட்டுமே முழுதாகத் தெரியும் நாஸ்கா கோடுகள் மேல் எனக்கு ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு வருடச் சேமிப்பு, மூன்று விமானங்கள், லீமாவிலிருந்து தெற்கே சுமார் 450 கிலோமீட்டர் இரவு பஸ். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

நாஸ்காவின் சிறிய விமான நிலையத்தில் முதலில் எங்களை எடை பார்த்தார்கள். யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை எடைதான் முடிவு செய்கிறது. பைலட்டுகள் இரண்டு பேர், பயணிகள் நான்கு பேர், இறக்கை தலைக்கு மேலே இருக்கும் ஒரு செஸ்னா. காலையில் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். ஏனென்று பத்தாவது நிமிடத்தில் புரிந்தது. ஒவ்வோர் உருவம் வரும்போதும் விமானம் வலது பக்கம் சாயும், வட்டமடித்து வந்து இடது பக்கம் சாயும். இரண்டு பக்கப் பயணிகளுக்கும் நியாயமாக இருக்க வேண்டுமே. என் வயிற்றுக்கு மட்டும் நியாயம் கிடைக்கவில்லை.

"இறக்கை நுனிக்குக் கீழ பாருங்க" என்று பைலட் கத்திக்கொண்டே இருந்தார். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் பழுப்பு மண், வறண்ட ஓடைத் தடங்கள், வண்டித் தடங்கள். பிறகு திடீரென்று ஒரு வால் சுருள் சுருளாகத் தெரிந்தது. குரங்கு! அதன்பின் கண் பழகிவிட்டது. சிலந்தி வந்தது. இறக்கை விரித்த கழுகு வந்தது. ஏறக்குறைய 93 மீட்டர் நீளமுள்ள தேன்சிட்டு, என் கைப்பேசித் திரையில் நகத்தளவு இருந்தது.

அந்தப் பாலைவனத்தின் மேற்பரப்பில் இரும்புத் துருவேறிய கருஞ்சிவப்புக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினால் அடியில் வெளிறிய மண். அவ்வளவுதான் தொழில்நுட்பம். பல இடங்களில் ஆழம் 10, 15 சென்டிமீட்டர்தான். மழை இல்லாததால் ஏறக்குறைய 2,000 வருடங்களாக அழியாமல் இருக்கிறது. 1968இல் எரிக் ஃபான் டானிக்கன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு வேற்றுக்கிரகவாசிகள் கதை பிரபலமானது. ஆனால் 1982இல் ஜோ நிக்கல் என்ற அமெரிக்கர், தன் உறவினர்கள் சிலரோடு மரக்குச்சியும் கயிறும் வைத்துக்கொண்டு அந்தக் கழுகை அதே அளவில் ஒரு வயலில் வரைந்துகாட்டினார். சைட்டில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டியவன் யாருக்கும் இது அதிசயமாக இருக்காது. எனக்கு அதிசயம் வேறு. வரைந்தவர்கள் யாரும் இதை நான் பார்த்த மாதிரி பார்த்ததே இல்லை. அவர்கள் நடந்தே வரைந்தார்கள். நான் மேலிருந்தே வரைகிறேன், பல நேரம் நடக்காமலே.

கடைசியில் பைலட் சொன்னார்: "லாரி போகுது பாருங்க, அதுதான் பல்லி."

ஏறக்குறைய 180 மீட்டர் நீளப் பல்லி. அதன் உடம்பை அறுத்துக்கொண்டு பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை நேர்கோடாகப் போகிறது. 1930களில் போட்ட சாலை. பக்கத்து இருக்கைக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். எனக்கு வயிறு மறுபடி புரண்டது. இந்த முறை அது விமானத்தால் இல்லை. விடியற்காலை நான் தூங்கிக்கொண்டு வந்த பஸ் இந்தச் சாலையில்தான் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய எஸ்டேட் வழியாகப் பாதை வரைந்தேன். டிராயிங்கில் அந்த இடம் வெறும் புதர். பொதுமக்கள் சந்திப்பில் ஒரு பாட்டி எழுந்தார். "தம்பி, அது காடு இல்லப்பா. எங்க ஆளுங்கள பொதைச்ச எடம். எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு."

அன்றிரவு திரையில் போட்டுப் பார்த்தேன். வளைவைக் கொஞ்சம் மாற்றினால் 40 மீட்டர் தள்ளிப் போய்விடும். ஆரம், சரிவு எல்லாம் ஒத்துவந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தக் கோப்பு என் மடிக்கணினியில் திறந்தே இருந்தது. "இனிமே மாத்துனா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு முறைப்படி எலும்புகளை எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். சடங்கு செய்தார்கள், நஷ்டஈடு கொடுத்தார்கள். காகிதத்தில் ஒரு தப்பும் இல்லை.

மதியம் அந்தச் சாலையோரம் இருக்கும் பார்வைக் கோபுரத்தில் ஏறினேன். 13 மீட்டர் உயரம். ஜெர்மனியில் கணிதம் படித்து, 1932இல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் பெருவுக்கு வந்த மரியா ரைஹே 1976இல் கட்டியது. 1940களில் இந்தக் கோடுகளை அளக்க ஆரம்பித்தவர், 1998இல் சாகும்வரை இங்கேயே கிடந்தார். துடைப்பத்தோடு பாலைவனத்தைப் பெருக்கிய இவரை ஊர்க்காரர்கள் சூனியக்காரி என்று நினைத்தார்களாம். காலை நான் ஏறிய விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்.

கோபுரத்திலிருந்து பல்லி அரைகுறையாகத்தான் தெரிந்தது. கீழே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சாலை போட்டவர்கள் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. தரையில் நின்று பார்த்தால் அது கல் ஒதுக்கிய தடம், அவ்வளவுதான். உருவங்களை ஆராய ஆரம்பித்ததே சாலைக்குப் பிறகுதான். அந்த இன்ஜினியருக்கு விமானம் இல்லை, சொல்வதற்கு ஒரு பாட்டியும் இல்லை.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டார். "எப்படிடா இருந்துச்சு உன் கோடு?"

பல்லிப் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அட பாவமே. ரோடு போட்டவன் பாக்கலையா?"

"அவனுக்குத் தெரியாதும்மா."

பிறகு பாட்டியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்த 40 மீட்டரையும் மறைக்கவில்லை. அம்மா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பாட்டிய அப்புறம் போய்ப் பாத்தியா?"

"இல்லம்மா."

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டு மணி நேரம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட எழுந்து போனார்.