வெளியே வந்தவர் ஏன் மறந்தார்?



மயிலாப்பூர் கச்சேரிச் சாலைக்கு அருகே, மஃரிப் தொழுகைக்குப் பின் நாம் நடத்திவரும் மக்தபில் சென்ற வாரம் யூசுஃப் நபியின் சிறைவாசத்தைப் பாடமாக எடுத்தோம். விடுதலையாகும் தோழரிடம், அரசரிடம் தம்மைப் பற்றி எடுத்துரைக்குமாறு யூசுஃப் (அலை) கேட்டுக்கொண்டார்கள். வெளியே சென்றவரை ஷைத்தான் மறக்கச் செய்தான். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையில் இருக்க நேர்ந்தது. இதை விளக்கியபோது பதினொரு வயது மாணவர் ஒருவர் எழுந்து, "அவர் நெசமாவே மறந்துட்டாரா ஹஜ்ரத், இல்ல பயந்துட்டாரா?" என்று கேட்டார்.

தஃப்ஸீரில் உள்ள விடையைக் கூறி அமரச் செய்தோம். ஆயினும் அடையாற்றிலுள்ள வீட்டுக்குப் பேருந்தில் திரும்பும்போது அக்கேள்வி நம்மை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2020 மே 16 அன்று, ரமளான் மாதத்தில், இலங்கையின் மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம் கைது செய்யப்பட்டார். புத்தளத்தில் தமிழ் கற்பித்த இளம் ஆசிரியர். 2017இல் 'நவரசம்' என்னும் கவிதை நூலை வெளியிட்டவர். தீவிரவாதத்தைப் பரப்பினார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்ட பின், முஸ்லிம் பெயருடன் எழுதுவதே ஐயத்துக்குரியதாகிவிட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றப்பத்திரிகை இல்லாமலேயே ஒருவரைத் தடுப்புக்காவலில் 18 மாதங்கள் வரை வைத்திருக்க அன்று இடமளித்தது. வழக்கறிஞரைக்கூடக் காணாமல் பல மாதங்கள் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

வெளியே பேசியவர்கள் அவருடைய குடும்பத்தாரும் வழக்கறிஞர்களுமே. எளிய குடும்பம். மகன் எழுதியதைப் படித்துப் பாருங்கள் என்பதே அவர்களின் முறையீடு. பிறகு ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகளும் குரல் கொடுத்தன.

2021இல், பட்டயப் படிப்பில் நம்முடன் பயின்ற இலங்கை நண்பர் ஒருவர் அந்நூலின் பக்கங்களைக் கைப்பேசிக்கு அனுப்பினார். "நீங்கள் தமிழ் படித்தவர். இதில் என்ன இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி நான்கு வரி எழுதித் தாருங்கள், போதும்" என்றார். படித்தோம். வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகளே அவற்றுள் இருந்தன. தமிழ் அறிந்த எவருக்கும் ஒரு மணி நேர வேலை. நாம் எழுதவில்லை. மத்ரஸா ஆசிரியர் என்றால் நம் ஊரிலும் விசாரணை வரக்கூடும் என்று அஞ்சினோம். மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்றும் அஞ்சினோம். வேலைப்பளு என்று நண்பருக்குப் பதில் அனுப்பிவிட்டு அந்தப் பக்கங்களை அழித்தோம்.

2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த கிதாபுகளை மாடியில் காயவைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் நண்பருக்குப் பதில் அனுப்பினோம். வேறெதுவும் எழுத முகமில்லை.

அண்மையில் உய்குர் அறிஞர்களின் பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போதும் அந்த நான்கு வரி நினைவுக்கு வந்தது. பொருளாதாரப் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்தி 2013 தொடக்கத்தில் மகள் ஜவ்ஹருடன் அமெரிக்கா செல்ல பெய்ஜிங் விமான நிலையம் வந்தார். தந்தையைத் தடுத்துவிட்டார்கள், பதின்ம வயது மகள் தனியே விமானம் ஏறினார். மறுவருடம் தந்தைக்கு ஆயுள் தண்டனை. 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்கு அளித்த சகாரோவ் விருதை மகளே பெற்றுக்கொண்டார். 2017 முதல் தந்தையைப் பற்றிய தகவலே குடும்பத்துக்கு இல்லை. ராஹிலா தாவூத் என்னும் பேராசிரியை உய்குர் மக்களின் ஜியாரத் தலங்களை ஆய்வு செய்தவர். (தர்கா என்றாலே நம்மில் சிலருக்கு மனம் சுருங்கும், அந்த விவாதத்துக்கு இது இடமன்று.) 2017 டிசம்பரில் அவர் காணாமற்போனார். ஆயுள் தண்டனை என்ற உறுதியான செய்தி 2023இல்தான் வெளிவந்தது. அத்தனை ஆண்டுகளும் தாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவருடைய மகள்.

இப்பிள்ளைகளுக்கு அச்சம் இல்லாமலா இருக்கும்? ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு என்ன நேருமோ என்ற கவலை நம் அச்சத்தைவிடப் பன்மடங்கு பெரியது. இருந்தும் அவர்கள் பெயரைச் சொல்கிறார்கள். கேட்பவர் சலித்தாலும் மறுபடி சொல்கிறார்கள்.

நேற்று வகுப்பு முடிந்ததும் அந்த மாணவரை அழைத்து, "உன் கேள்விக்கு முழுப் பதில் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றி அல்லாஹ் கூறியதே போதும். ஆனால் உன் ஹஜ்ரத் ஒருமுறை பயந்துபோய், மறந்தவர்போல இருந்திருக்கிறேன்" என்று நடந்ததைக் கூறினோம். அவர் சிறிது நேரம் நம்மையே பார்த்துவிட்டு, "அந்த கவிதை புஸ்தகம் இங்க கெடைக்குமா?" என்று கேட்டார்.

இரவு நண்பருக்கு எழுதினோம். அன்று வேலைப்பளு இல்லை என்பதையும் எழுதினோம். நூலின் பிரதி ஒன்று அனுப்ப இயலுமா என்று கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.