தேரோட்டி யார்?

சென்ற கோடை விடுமுறை முழுவதும் நமது இல்லத்தில் எகிப்து தேசத்தாரின் யுத்தம் ஓய்ந்தபாடில்லை. யுத்தகளம் கம்ப்யூட்டர் திரை. சேனாதிபதி நமது சிரஞ்சீவி. 2010-ம் வருஷம் வெளிவந்த 'சிவிலிசேஷன்' ஐந்தாம் பதிப்பு என்னும் அந்த விளையாட்டில் 'தேர் வில்லாளி' என்றொரு படை உண்டு. விரைந்து ஓடும், எட்ட நின்று அம்பு எய்யும். காட்டிலோ குன்றிலோ சக்கரத்தை வைத்தால் மட்டும் அந்த முறைக்கு அங்கேயே நின்றுவிடும். விளையாட்டைச் செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தாம்! ஆனால் எகிப்தியருக்கு மாத்திரம் ஒரு சலுகை. மற்றவர்கள் அப்படையைத் திரட்டக் குதிரைகள் இருக்கவேண்டும். அவர்களுக்கு அது அவசியமில்லை. குதிரையின்றித் தேர் ஏது என்று கேட்டோம். "விளையாட்டிலே அப்படித்தான், அப்பா" என்று பதில் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்தபின், ஒன்பதாம் வகுப்பில் பண்டைய எகிப்தைப் பற்றிய பாடத்தின் நடுவே இந்தத் தேர்களைப் பற்றிச் சொன்னோம். கடைசி பெஞ்சியில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், இரண்டு கையும் வில்லில் இருந்தால் கடிவாளத்தை யார் பிடிப்பார்கள்?" என்று கேட்டான். "உங்க அப்பாதான்!" என்றது எங்கிருந்தோ ஒரு குரல். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனுடைய தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். பையன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்றைய பாடத்தை மூடி வைத்தோம். ஏனெனில், தேர்ப் போரின் சூக்ஷ்மம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கி.மு. 1274 வாக்கில், இன்றைய ஸிரியாவில் ஒரான்டிஸ் நதிக்கரையிலுள்ள காதேஷில், எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்ஸேஸ் ஹிட்டைட் மன்னன் முவத்தல்லியுடன் பொருதான். அபு ஸிம்பெல் கோயிற் சுவரில் அந்தப் போர் சித்திரமாக இருக்கிறது. அரசன் தன்னந்தனியே தேரில் நின்று அம்பு தொடுக்கிறான். கடிவாள வார் அவனுடைய இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கிறது! இதை நம்பவேண்டியது சிற்பியின் கடமை, நம்முடையதன்று. எகிப்தியத் தேரில் இருவர் நின்றார்கள்: எய்கிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் ஒருவன். எய்கிறவனுக்குக் கேடயம் பிடிப்பதும் மற்றவன் வேலையே. ஹிட்டைட் தேர்களிலோ மூவர்.

சித்திரத்தில் மறைந்துபோன துணைவன் கல்வெட்டில் அகப்படுகிறான். அவன் பெயர் மென்னா. பகைவர் சூழ்ந்தபோது அவன் நடுங்கினான் என்று அரசன் எழுதி வைத்தான். ஆயினும் பெயரை மறைக்கவில்லை. இரு குதிரைகளின் பெயர்களும் அங்கே உண்டு. இனி நாள்தோறும் தன் முன்னிலையில் அவற்றுக்குத் தீனி அளிப்பதாக அரசன் வாக்களிக்கிறான். குதிரை வேண்டாத தேர்ப்படையை எகிப்துக்குக் கொடுத்தவர்கள் இதைச் சற்றுப் படித்திருக்கலாம்.

தச்சனையும் மறப்பதற்கில்லை. 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட துதன்காமன் கல்லறையில் ஆறு தேர்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. எகிப்தியத் தேரின் தளம் பலகையன்று. தோல் வாரால் கயிற்றுக் கட்டில் போல் பின்னியது. சக்கரம் கல்லில் ஏறினாலும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். வில்லாளியின் குறி அவ்வளவாகக் கலையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, திருவல்லிக்கேணியில் கோயில் கொண்டிருப்பவர் வில்லாளியா, தேரோட்டியா என்று வகுப்பைக் கேட்டோம். சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பார்த்தசாரதி, ஸார்" என்றான் முன் வரிசையில் ஒருவன், மெல்ல.

கடைசி பெஞ்சிப் பையன் மறுபடி எழுந்தான். "அவ்வளவு நல்ல தேர் ஏன் ஸார் ஒழிந்துபோயிற்று?" என்றான். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. குதிரை முதுகிலிருந்தே போர் செய்யக் கற்றவர்களுக்குத் தேர் எதற்கு என்று சொல்லி, கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் அலெக்ஸாந்தரை எதிர்த்த போரஸின் தேர்களைப் பற்றிக் கூறினோம். ஒவ்வொன்றிலும் நாலு குதிரை, ஆறு ஆள் என்று ரோமானிய ஆசிரியர் கர்ஷியஸ் எழுதுகிறார்: கேடயம் தாங்குவோர் இருவர், வில்லாளிகள் இருவர், ஓட்டுகிறவர்கள் இருவர். மழையில் நனைந்த சேற்றில் சக்கரங்கள் புதைந்தன. கைகலப்பு நேர்ந்தால் அந்தச் சாரதிகள் கடிவாளத்தைப் போட்டுவிட்டு ஈட்டிகளை எறிவார்களாம்.

"இரண்டு டிரைவரா, ஸார்?" என்று அவன் வியந்தபோது மணி அடித்துவிட்டது.