நாலு நாள் நடை

எங்கள் திருவண்ணாமலையில் யாரிடமாவது போய், "நாலு நாள் நடக்கப் போகிறேன், ஸார்!" என்று சொல்லிப் பாருங்கள். "கிரிவலம் எத்தனை சுற்று?" என்று கேட்பார். இந்த ஊரில் நடை என்றால் மலையைச் சுற்றுவது, அது 14 கிலோமீட்டர், கணக்கு முடிந்தது. பௌர்ணமி இரவில் வழி தவறிப் போக வேண்டுமென்று நீங்கள் ஆசைப்பட்டாலும் முடியாது. பின்னால் வருகிற ஜனசமுத்திரம் உங்களைத் தள்ளிக்கொண்டுபோய் ராஜகோபுர வாசலில் சேர்த்துவிட்டுத்தான் மறு காரியம் பார்க்கும்.

நான் சொல்லப் போகிற நடை அப்படிப்பட்டதல்ல. போளூரில் தொடங்கி ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர் வழியாக மலையைக் குறுக்கே கடந்து, பரமனந்தல் பக்கம் இறங்கி, செய்யாற்றங்கரையோடு செங்கம் வந்து சேர வேண்டும். நாலு பகல், மூன்று இரவு. புறப்படுவது தை மாதம். இதற்குத் திட்டம் போடுகிறேன் என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நாங்கள் நடந்திருக்கிறோமே, அதுவே ஐம்பது மைல் தேறும்!

"நாங்கள்" என்றால் மூன்று பேர். நான் ஒருவன். கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் பிள்ளை ஒருவன். மூன்றாமவர்தான் முக்கியம். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பால்ய சிநேகிதர். அவருடைய வலது முழங்காலைப் பார்த்த டாக்டர், சித்திரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார். அதுவரை தடியூன்றி நடக்கலாம். அதற்கப்புறம் மலை ஏறுவது இறங்குவது எல்லாம் மறந்துவிட வேண்டியதுதானாம். "தையில் போனால் உண்டு. இல்லையென்றால் இந்த ஜன்மத்தில் இல்லை" என்று வாத்தியார் ஒருநாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அதற்கு மேல் நான் என்ன பேச?

ஜமுனாமரத்தூருக்கு பஸ் போகிறதே, அதில் ஏறி உட்கார்ந்தால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவியும் அதையேதான் கேட்டாள். காரணம், மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு அது. 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுக்குத் தலைவன் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா. வேறெங்கும் தேட வேண்டாம், நம்முடைய செங்கம்தான்! இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டு நம் கையில் கொடுத்தார். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடத்தில்கூட இந்தப் பாட்டில் ஒரு பகுதி இருக்கிறது. வாத்தியார் அதை வருஷம் தவறாமல் நடத்தியவர். "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். அந்த வழியில் ஒரு பர்லாங் நடந்ததில்லை" என்பது அவர் குறை.

வழி என்று அவர் சொன்னது விளையாட்டுக்கல்ல. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கூத்தன், எதிரே பசியோடு வருகிற கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, "இப்படிப் போங்கள், இங்கே தங்குங்கள், இது கிடைக்கும், இதற்குப் பயப்படுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போகிறான். வழுக்குப் பாசி படிந்த நீர்த்துறையில் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு என்கிறான். பள்ளத்தில் பாம்பு கிடக்கும், பார்த்துப் போ என்கிறான். தினைப்புனத்துப் பரணிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கு என்கிறான். ராத்திரி குகையில் தங்கு, கோவலர் குடியிருப்புக்குப் போனால் பால் தருவார்கள், ஆட்டிடையரோடு நெருப்புப் பக்கத்தில் படுத்துக்கொள் என்கிறான். செய்யாற்றுக்கு வந்ததும் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டே போ என்று முடிக்கிறான். இதைவிட ஒழுங்காக ஒரு பிரயாணத் திட்டம் எழுத யாரால் முடியும், சொல்லுங்கள்!

என் மருமகன் எழுதினான். பெரிய தாளில், மணிக்கணக்குப் போட்டு, வர்ணப் பென்சிலால். அவன் திட்டத்தில் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். வெயிலுக்கு முன்னால் பாதி தூரம் போய்விடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோயிலண்டை தேனும் கடுக்காயும் சாமையும் விற்க வருகிற மலைக்காரரிடம் போனேன். ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். அவர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. "எத்தினி மணிக்குக் கெளம்புவீங்க, சாமி?" என்று கேட்டார். சொன்னேன். தேன் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இருட்டுல நடக்காதீங்க. பன்னிக்குக் கம்பி போட்டிருப்பாங்க. கரண்டுக் கம்பி. விடிஞ்சு, ஆளு தலை தெரியறப்போ போங்க."

காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று நிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்சாரக் கம்பி கட்டுவதும், தெரியாமல் மிதித்த மனிதர்கள் மாண்டுபோவதும் தமிழ்நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கிறது. சட்டப்படி அது குற்றம். ஆனால் இருட்டில் கம்பிக்குச் சட்டம் தெரியாதே!

இதை வாத்தியாரிடம் வந்து சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பன்றி வருகிற பாதையில் கனமான கல்லை முட்டுக்கொடுத்துப் பொறி வைத்திருப்பார்கள். அதற்கு அடார் என்று பெயர். ஆகையால் அந்த வழியில் பொழுது விடிந்த பிறகு போங்கள் என்று கூத்தன் சொல்கிறான்! தேன்காரர் மலைபடுகடாம் படித்தவரல்ல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மருமகன் தன் தாளில் மூன்று மணியை அடித்துவிட்டு ஆறரை என்று எழுதினான். என் மனைவிக்கு இந்தப் பாட்டின் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மாதம் குறிப்பதில் அவள் சொன்னதுதான் நின்றது. கார்த்திகை, மார்கழி கூடாது என்றாள். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் அண்ணாமலையின் சரிவே பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஊரில் யாரும் அதை மறக்கவில்லை. மாசி, பங்குனி வந்தால் காடு காய்ந்து தீப்பிடிக்கும். நடுவே மிஞ்சுவது தை. தையிலும் மழை வந்தால் நடை இல்லை என்று எங்கள் மூவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. வேடர் குடிக்குப் போய், "நாங்கள் நன்னனின் கூத்தர்" என்று சொன்னால் போதும், தினைச்சோறும் இறைச்சியும் தானாக வரும் என்கிறது பாட்டு. நாங்கள் போய் யார் என்று சொல்லிக்கொள்வது? கையில் யாழ் இல்லை, ஆடத் தெரியாது. அந்தி நேரத்தில் மூன்று அந்நியர் வாசலில் நின்றால் எந்த ஊரிலும் நாய்தான் முதலில் வரவேற்கும். இதற்கும் தேன்காரர்தான் வழி சொன்னார். மலைமேல் அவருடைய சொந்தக்காரர் வீடுகள் இரண்டு இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். அரிசி பருப்பு நாங்கள் கொண்டுபோகிறோம், ஆக்கித் தருவதற்குப் பணமும் கொடுக்கிறோம். "ஒரு ராத்திரியாவது சாமைச் சோறு போடச் சொல்லுங்கள்" என்று வாத்தியார் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் பிரிவழி. மருமகன் எல்லாவற்றுக்கும் டெலிபோனை நம்புகிறவன். மலைக்குள்ளே பல இடங்களில் அது ஊமை. அவனோ வேகமாக நடப்பவன், வாத்தியார் நொண்டி நொண்டி வருபவர், நான் நடுவே. முன்னால் போனவன் எந்தக் கிளைவழியில் திரும்பினான் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? கூத்தன் இதற்கும் பதில் வைத்திருக்கிறான். வழி பிரிகிற இடத்தில் சரியான பாதையில் புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். அப்படியே செய்வது என்று தீர்மானித்தோம். காசு செலவில்லை, பாட்டரி வேண்டாம்!

ஒன்றே ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டில் வருகிற நவிரமலை என்பது கலசபாக்கத்துக்கு அருகே இருக்கும் பர்வதமலைதான் என்கிறார்கள். அதில் ஏறாமல் என்ன மலைபடுகடாம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அங்கே போயிருந்தால் கேட்க மாட்டீர்கள். கடப்பாரைகளை அடித்துவைத்த பாறை, இரும்புச் சங்கிலி, ஏணிப்படி, இவற்றைக் கடந்துதான் உச்சியில் மல்லிகார்ஜுனரைப் பார்க்க வேண்டும். அந்த முழங்காலோடு அது நடவாது. நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, வாத்தியாரே மருமகனின் தாளை வாங்கிப் பர்வதமலை என்ற பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். "கீழே நின்று ஒரு கும்பிடு போட்டால் போதும்" என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். 1972-ல் தொல்பொருள் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டிருக்கிறது. வழியில் நடுகல்லைக் கண்டால் யாழ் மீட்டி வணங்கிப் போகச் சொல்கிறான் கூத்தன். யாழுக்குப் பதிலாகக் கற்பூரம் எடுத்துப் போகிறோம்.

மூட்டை முடிச்சைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கூடாது என்று சட்டம். பழகிய செருப்பு, புதுச் செருப்பு ஆகாது. இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, தண்ணீர், பொட்டுக்கடலை மாவு, உப்பு, தைலம். என் மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைச் சட்டத்துக்குப் புறம்பாக நுழைத்திருக்கிறாள்.

காப்புக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும். மனுக் கொடுத்திருக்கிறோம். கிடைத்தால் குறுக்குப் பாதை. கிடைக்காவிட்டால் தார் ரோட்டோடு நடப்பது. தூரம் கூடும், நாள் ஒன்று அதிகமாகும். நீங்களும் இப்படிப் புறப்படுவதாக இருந்தால் முதலில் இந்தக் காகிதத்தை முடித்துவிட்டு அப்புறம் செருப்புக் கடைக்குப் போங்கள்.

இப்போது ஒத்திகை நடக்கிறது. வாரம் மூன்று நாள், கூட்டமில்லாத காலை நேரத்தில், முதுகில் மூட்டையோடு கிரிவலம். முதல் வாரம் எம லிங்கத்தோடு வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். போன வியாழக்கிழமை முழுச் சுற்றும் வந்துவிட்டார். ஐந்தரை மணி நேரம்! செங்கம் ரோட்டைவிட்டுக் கிரிவலப் பாதை வலது கைப்புறம் பிரிகிற இடத்தில், முன்னால் போன மருமகன் ஏற்பாட்டின்படி ஓரத்துப் புல்லை அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். வாத்தியார் தடியை ஊன்றி, பெருமையோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளாடு வந்து முடிச்சோடு தின்றுவிட்டுப் போயிற்று.